உத்தரவு கேட்காமல் எழுதிய பக்கம்

மினசோட்டாவின் இந்தச் சின்ன ஊருக்கு வந்த நாளிலிருந்து, வகுப்புக்குப் போகும் வழியில் செத்துப்போன ஓர் அம்மாளின் மேல் தினமும் பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டுப் போகிறேன். பயப்பட வேண்டாம், பெஞ்சைத்தான் சொல்கிறேன். ஆற்றங்கரை நெடுக மரப் பெஞ்சுகள் போட்டிருக்கிறார்கள். ஒவ்வொன்றின் சாய்மானத்திலும் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பித்தளைத் தகடு. முதல் வாரம் அதை நான் கவனிக்கவில்லை. ரொட்டியைத் தின்று முடித்து, உதறிவிட்டு எழும்போதுதான் படித்தேன். 'டாரதி. இந்த ஆறு நாறுகிறது என்று சொல்லிக்கொண்டே நாற்பது வருடம் தினமும் இங்கே வந்தாள்.' தூக்கிவாரிப்போட்டது. அவசரமாகப் பெஞ்சைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். நாயைப் பிடித்துக்கொண்டு போன ஒருவர் நின்று, "ஏதாவது தொலைத்துவிட்டாயா?" என்று கேட்டார். "இல்லை, மன்னிப்புக் கேட்டேன்" என்றேன். அவர் சுற்றும் பார்த்தார், அங்கே யாரும் இல்லை. "பரவாயில்லை, குளிர் பழகிவிடும்" என்று சொல்லிவிட்டு நாயை இழுத்துக்கொண்டு வேகமாக நடந்தார்.

நம் ஊரிலும் செத்தவர் நினைவாக நிழற்குடையும் தண்ணீர்த் தொட்டியும் உண்டுதான். ஆனால் அவற்றில் என்ன எழுதியிருக்கும் என்பது எனக்குத் தெரிந்த அளவு உங்களுக்குத் தெரியாது. ஏழு வருடம் திருப்பதியில் ஒரு ஃப்ளெக்ஸ் அச்சுக் கடையில் அவற்றை எழுதியவளே நான்தான். எங்கள் ஊர் ஆந்திராவின் விஜயபுரம் மண்டலத்தில், தமிழ்நாட்டு எல்லையை முட்டிக்கொண்டு கிடக்கிறது. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு. தமிழ் எழுத்தை நான் ஒழுங்காகக் கற்றுக்கொண்டதே அந்தக் கடையின் கீபோர்டில்தான். கண்ணீர் அஞ்சலிக்குத் தமிழில் ஒரு ஃபைல், தெலுங்கில் ஒரு ஃபைல் தயாராக இருக்கும். பெயரையும் படத்தையும் மாற்றினால் போதும். எல்லாரும் சிரித்த முகம், எல்லாரும் பாசத்தின் சிகரம், எல்லாரும் எங்களை ஆறாத் துயரில் ஆழ்த்தியவர்கள். ஒருமுறை புத்தூர்ப் பக்கத்து அம்மா ஒருவர் வந்து திரையைப் பார்த்துவிட்டு, "சிரிச்ச மொகம்னு போட்டுக்கீறியே, அந்த மனுசன் ஒரு நாளும் சிரிச்சது இல்லம்மா. எடுத்துடு" என்றார். "அது எல்லாருக்கும் வர்றதுங்க" என்று சொல்லி, அப்படியே அச்சடித்துக் கொடுத்து அனுப்பினேன். ஒரு மனுஷியின் கணவரை நான் ஃபைலில் வைத்து அழித்துவிட்டேன் என்று அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை.

அந்தக் கடையில் உட்கார்ந்துதான் கட்டுரை எழுத ஆரம்பித்தேன். ஒரு சிற்றிதழில் வந்தது, பிறகு மெல்லிய புத்தகம் ஒன்றும் வந்தது. அதில் எல்லாரும் பாராட்டியது என் அக்கா மஞ்சுளாவைப் பற்றிய கட்டுரையைத்தான். அக்கா பத்தொன்பது வயதில் காமாலையில் செத்துப்போனாள், அப்போது எனக்குப் பதினொன்று. அந்தக் கட்டுரையின் ஆங்கில வடிவத்தை அனுப்பித்தான் இங்கே கிரியேட்டிவ் ரைட்டிங் முதுகலைப் படிப்பில், நடந்ததை நடந்தபடி எழுதும் பிரிவில் இடம் கிடைத்தது. நைனாவிடம் (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) சொன்னபோது அவர் நம்பவில்லை. "நெஜமா நடந்தத எழுதறதுக்கு இன்னாத்துக்கு ரெண்டு வருசம் படிக்கணும்? நடந்தது நடந்திச்சி. எழுதிட்டுப் போயிகினே இருக்க வேண்டியதுதானே?" என்று கேட்டார். விமானம் ஏறும்வரை எனக்கும் அதே எண்ணம்தான். ஆங்கிலம் கொஞ்சம் சீர்படும், பெயருக்குப் பின்னால் ஒரு டிகிரி வரும் என்றுதான் வந்தேன்.

இங்கே வொர்க்‌ஷாப் என்று ஒன்று நடக்கிறது. வாரம் ஒருவர் எழுதியதைப் பன்னிரண்டு பேர் முன்கூட்டியே படித்துவிட்டு வந்து பேசுவார்கள். எழுதியவர் வாயைத் திறக்கக் கூடாது. நாற்பது நிமிடம் அவர் அங்கே இல்லை என்று வைத்துக்கொண்டு, 'எழுத்தாளர் இங்கே என்ன செய்கிறார்', 'எழுத்தாளருக்கு இது தெரியுமா' என்று அவர் எதிரிலேயே பேசுகிறார்கள். என் முறை வந்த அன்று அக்காவைப் பற்றிய அந்தக் கட்டுரையையே எடுத்துக்கொண்டார்கள். எல்லாரும் என்னைத் தாண்டிப் பேச, நான் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கூடத்தில் பிணத்தைப் படுக்கவைத்துவிட்டு அதன் குணம் பேசுவார்களே, அப்படிக் கிடந்தேன். நல்லதாகத்தான் பேசினார்கள், கேரல் வாயைத் திறக்கும்வரை.

கேரலைப் பற்றிச் சொல்ல வேண்டும். அறுபதை நெருங்கும் வகுப்புத் தோழி. காப்பீட்டுக் கம்பெனி ஒன்றில், எரிந்துபோன வீடுகளைப் போய்ப் பார்த்து, தானாகப் பிடித்த தீயா, வீட்டுக்காரரே வைத்த தீயா என்று அறிக்கை எழுதும் வேலை பார்த்தவள். அவள் என் கட்டுரையின் கடைசிப் பக்கத்தை எடுத்துக்கொண்டாள். சாவதற்கு நான்கு நாள் முன்பு, காமாலைப் பத்தியத்தில் கிடந்த அக்கா மாங்காய் கேட்டாள் என்றும், நான் யாருக்கும் தெரியாமல் ஒரு துண்டு நறுக்கி, உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டு ஊட்டினேன் என்றும், அவள் தின்றுவிட்டுச் சிரித்தாள் என்றும் அதில் எழுதியிருந்தேன். "மற்ற பக்கங்களில் யார் செருப்பு என்ன நிறம் என்பதுவரை எழுத்தாளர் சொல்கிறார்" என்றாள் கேரல். "இந்தப் பக்கத்தில் கத்தி இல்லை. பதினொரு வயதுக் குழந்தை எதைக் கொண்டு நறுக்கியது? அகப்படுவோம் என்று பயந்ததா? என் வேலையில், தீ தொடங்கிய அறையைப் பற்றிச் சொல்லும்போது தன் கை என்ன செய்துகொண்டிருந்தது என்று ஒருவர் சொல்லாமல் விட்டால், அந்த வீட்டுக்கு நான் இன்னொருமுறை போவேன்." நாற்பது நிமிடம் முடிந்ததும் எழுத்தாளர் பேசலாம் என்றார்கள். எழுத்தாளர் "நன்றி" என்றாள். அதுவும் தமிழில். எனக்கு வீட்டு ஞாபகம் வந்துவிட்டது என்று நினைத்து ஆளாளுக்குத் தோளைத் தட்டினார்கள். அடுத்த வாரம் கேரல் மன்னிப்புக் கேட்பவளாகக் கடையிலிருந்து ஒரு மாம்பழம் வாங்கி வந்து கொடுத்தாள். "கேள்வி கேட்டேனே தவிர, நீ அவளுக்கு ஊட்டிய இடத்தில் நானும் அழுதேன்" என்றாள். சிவப்பாக, ஸ்டிக்கர் ஒட்டி, எந்த வாசனையும் இல்லாமல் இருந்தது அந்தப் பழம். ஜன்னலில் வைத்தேன். அது பழுக்கவே இல்லை, சுருங்கிப்போனது.

பேராசிரியர் ஒரு பயிற்சி கொடுத்தார். எழுதியதில் நீ கண்ணால் பார்த்ததற்கெல்லாம் நீலக் கோடு, பிறர் சொல்லிக் கேட்டதற்குப் பச்சைக் கோடு, இப்படி நடந்திருக்கக் கூடாதா என்று ஆசைப்பட்டதற்குச் சிவப்புக் கோடு போடு என்றார். யாருக்கும் காட்ட வேண்டியதில்லை. கேட்கும்போது விளையாட்டாகத்தான் இருந்தது. செய்து பார்த்தேன். அக்கா திருப்பதியில் டிகிரி படித்தது, விடுதியிலிருந்து மஞ்சள் கண்ணோடு பஸ்ஸில் வந்து இறங்கியது, உப்பில்லாத மோர்ச்சோற்றைச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு தின்றது, எல்லாம் நீலம். கடைசிப் பக்கத்தில் முதல் இரண்டு வரி நீலம். அதற்குக் கீழே சிவப்பைத் தவிர வேறு பேனாவை நான் தொடவே வேண்டியிருக்கவில்லை.

நடந்தது இதுதான். நைனா பங்காருபாளையம் மண்டியிலிருந்து மாங்காய் ஏற்றும் டெம்போ ஓட்டிக்கொண்டிருந்தார். சித்திரை பிறந்துவிட்டால் எங்கள் வீட்டில் கால் வைக்கும் இடமெல்லாம் மாங்காய். காமாலைக்காரிக்கு ஆகாது என்பதால், "மாங்கா வாசன கூட அவ மூக்குல ஏறக் கூடாது, குடுத்தவ கைய ஒடிச்சிடுவேன்" என்று நைனா சொல்லிவைத்திருந்தார். ஒரு மத்தியானம் அம்மா மருந்து வாங்கப் போயிருந்தபோது அக்கா என்னைக் கூப்பிட்டாள். "ஒரே ஒரு துண்டுடீ. வாயில வெச்சிட்டுத் துப்பிடறேன்" என்றாள். நான் மாட்டேன் என்றேன். கெஞ்சினாள், திட்டினாள், பிறகு கண்ணை மூடிக்கொண்டாள். கொடுக்காமல் இருந்ததில் தப்பில்லை, சொன்ன பேச்சைக் கேட்டேன். ஆனால் அதற்கப்புறம் நான் போய், குவியலில் பாதி பழுத்த செங்காயாக ஒரு கிளிமூக்கு மாங்காயைப் பார்த்து எடுத்து, மிளகாய்த்தூளும் உப்பும் காகிதத்தில் மடித்துக்கொண்டு, அவள் படுத்திருந்த அறைக்கு வெளியே கதவுக்குப் பின்னால் குந்திக்கொண்டு தின்றேன். கத்தி ஏதும் இல்லை, பல்லால் கடித்தேன். "துன்னுறியா?" என்று அக்கா உள்ளேயிருந்து கேட்டாள். வாய் நிறைய வைத்துக்கொண்டு "இல்ல" என்றேன். அவள் புரண்டு படுத்ததில் கட்டில் கிறீச்சிட்டது. நான்காம் நாள் திருப்பதி ஆஸ்பத்திரியில் போய்விட்டாள். வேறெங்காவது போய்த் தின்னாமல் ஏன் அந்தக் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்தேன் என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை. அவளுக்குக் கேட்க வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேனோ என்னவோ.

பொய்யை எழுதியதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. அம்மாவுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது, அவள் படித்த ஐந்தாம் வகுப்பு தெலுங்கில். சிற்றிதழ் வந்த அன்று நானே அவளுக்குப் படித்துக் காட்டினேன். கடைசிப் பக்கம் வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "துன்னாளா? கேட்டத துன்னுட்டுதான் போனாளா?" என்று கேட்டாள். "துன்னாம்மா" என்றேன். அக்கா போனதிலிருந்து அதுவரை அம்மா மாங்காயைத் தொட்டதில்லை. அந்த வருடம் ஊறுகாய் போட்டாள். நான் படித்துக் காட்டியபோது நைனா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். அம்மா உறவில் யாரைப் பார்த்தாலும் அதைச் சொல்வாள். கடைசியில் அது எங்கள் வீட்டில் நடந்த விஷயமாகவே ஆகிவிட்டது.

இந்தப் படிப்பில் இறுதியாக ஒரு புத்தக நீளத்துக்குத் தீசிஸ் கொடுக்க வேண்டும். நான் அக்காவைப் பற்றித்தான் எழுதுவதாக ஒப்புக்கொண்டிருந்தேன். ஒரு நாள் வகுப்பில் ஒப்புதல் படிவத்தைக் கொடுத்தார்கள். நாம் யாரைப் பற்றி எழுதுகிறோமோ அவர்கள் உயிரோடு இருந்தால் அவர்களிடம் பேசி, முடிந்தால் கையெழுத்து வாங்கிக்கொள்வது நல்லது என்றார் பேராசிரியர். "இறந்தவர்கள் என்றால்?" என்று கேட்டேன். "அவர்களிடம் ஒன்றும் வேண்டாம், அவர்கள் வழக்குப் போட மாட்டார்கள்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் பக்கம் இது அப்படியே தலைகீழ். உயிரோடு இருக்கிறவளை யாரும் எதுவும் கேட்பதில்லை, அவள் கல்யாணத்தைப் பற்றிக்கூட. செத்தவளிடம்தான் உத்தரவு கேட்போம். கன்னியாகச் செத்த பெண்ணை எங்கள் வீடுகளில் பூவாடைக்காரி என்று கும்பிடுகிறோம். அந்த வீட்டில் ஒரு கல்யாணம் என்றால், முதலில் ஏரிக்கரைக்கோ கிணற்றடிக்கோ போய், பூங்கரகம் சோடித்து, பம்பை அடித்து அவளை வரவழைக்க வேண்டும். பம்பைக்காரர் அவள் வாழ்ந்த கதையைப் பாடுவார். அவள் யார்மேலாவது இறங்கி, சரி என்று சொன்ன பிறகுதான் பந்தக்கால் நடுவோம். பாடுவதற்கு முன் பம்பைக்காரர் வீட்டில் உட்கார்ந்து கேட்பார்: என்ன பெயர், என்ன தின்பாள், எதில் கோபம் வரும், எப்படிப் போனாள். தப்பாகப் பாடினால் அவள் வர மாட்டாள். அவருடைய தொழிலும் என்னுடைய தொழிலும் ஒன்றுதான் என்று எனக்கு மினசோட்டாவில் வைத்துத்தான் தெரிந்தது.

என் கல்யாணத்தை நான் முப்பத்து நான்கு வயதுவரை தட்டிக் கழித்துக்கொண்டே வந்ததற்கு ஊரில் பல காரணம் சொல்கிறார்கள். உண்மைக் காரணத்தில் பாதி இதுதான்: எனக்காக அக்காவை அழைத்தால் அவள் வந்து எல்லார் முன்னாலும் என்ன சொல்வாளோ என்ற பயம். அதனால் என் தம்பி முரளிக்கு மாசி மாதம் கல்யாணம் என்று நிச்சயமானபோது, அக்கா போனபிறகு அதுதான் எங்கள் வீட்டில் முதல் கல்யாணம். வகுப்பும் விசாவும் சேர்ந்து என்னைப் போகவிடவில்லை. அக்காவை அழைப்பதை வீடியோவில் பார்ப்பதாகச் சொன்னேன். மனதுக்குள் வேறொன்றும் வைத்திருந்தேன். அக்கா வந்தால், 'உன்னைப் பற்றி எழுதட்டுமா' என்று கேட்டுவிட வேண்டும். அவள் சொல்லாமல் ஒரு பக்கம்கூடக் கொடுக்கப்போவதில்லை என்று முடிவு செய்திருந்தேன்.

அங்கே விடிந்துகொண்டிருந்தது, இங்கே மாலை ஆறு மணி. கூடத் தங்கியிருக்கும் பெண்ணுக்கு மறுநாள் பரீட்சை என்பதால், கீழே எல்லாருக்கும் பொதுவான துணி துவைக்கும் அறைக்குப் போய் உட்கார்ந்துகொண்டேன். இரண்டு இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. முரளி போனை உயரப் பிடித்திருந்தான். ஏரிக்கரை, பூங்கரகம், ஈரப் புடவையோடு தலைமுடியை விரித்துவிட்டுக் கண்மூடி நிற்கும் கோவிந்தம்மா அத்தை. நைனாவின் தங்கை அவள், எங்கள் வீட்டில் சாமி அவள்மேல்தான் வரும். நாகலாபுரத்துப் பக்கத்திலிருந்து வந்திருந்த பம்பைக்காரர் பாட ஆரம்பித்தார். ஒருமுறை பாடினார், அத்தை அசையவில்லை. பெண்வீட்டார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மறுபடி பாடினார். 'தங்கச்சி கையால மாங்கா துன்னு, சிரிச்சிக்கினே போன கண்ணு' என்று அவர் இழுத்துப் பாடியபோது, திருப்பதியில் நான் தட்டிய வரி இரண்டு கடலைத் தாண்டி வந்து என் காதில் விழுந்தது.

பம்பைக்காரர் அடிப்பதை நிறுத்தினார். "எதுவோ ஒண்ணு சரியில்ல. பொண்ணு கர வரிக்கும் வந்துட்டு நிக்கிது. உள்ள வரமாட்டேங்கிது" என்றார். "நாள தள்ளி வெச்சிக்கலாமா?" என்று பெண்வீட்டுப் பக்கம் யாரோ கேட்டார்கள். முரளி அவர்கள் பக்கம் திரும்ப, போனில் ஏரியும் வானமும் சுழன்றன. நான் வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம். வொர்க்‌ஷாப்பில் பழகியதுதானே. திறந்தால் அம்மாவிடம் இருக்கும் ஒரே ஆறுதலை நான் பிடுங்க வேண்டும். திறக்காவிட்டால் முரளியின் கல்யாணம் நிற்கும், அக்கா கரையிலேயே நிற்பாள். இரண்டாவது இயந்திரம் நின்று, அறை திடீரென்று அமைதியானது.

"முரளி, ஸ்பீக்கர்ல போடு" என்றேன். "அம்மா, அந்த மாங்கா பொய்மா."

"எந்த மாங்கா?"

"அக்கா துன்னிச்சின்னு படிச்சிக் காட்டினேனே. நான் குடுக்கலம்மா."

"இன்னாடி சொல்ற? நீதானே எழுதின?"

"எழுதினேன். நடக்கல."

அம்மா போனுக்குப் பக்கத்தில் வந்தாள். அவள் நெற்றி மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. "அப்போ அவ துன்னவே இல்லையா?"

"இல்லம்மா. நான் துன்னேன். கதவு பின்னால குந்திக்கினு. அக்காவுக்குக் கேட்டுச்சி."

போனுக்கு எட்டத்திலிருந்து நைனாவின் குரல் கேட்டது. "எனுக்குத் தெரியும். கதவு பின்னால கொட்ட கெடந்திச்சி. நான்தான் பொறுக்கிப் போட்டேன்." அம்மா அவர் பக்கம் திரும்பினாள். அவள் முகம் எனக்குத் தெரியவில்லை, அதற்காக அன்று சாமிக்கு நன்றி சொன்னேன். அந்த நேரம் பார்த்துத் துணிக்கூடையோடு உள்ளே வந்த மேல்மாடிக்காரர், என் போனில் பூவையும் பட்டுப்புடவைகளையும் பார்த்துவிட்டு, "கல்யாணமா? வாழ்த்துகள்!" என்றார். என் கண்ணீரை ஆனந்தக் கண்ணீர் என்று எடுத்துக்கொண்டார் போலும். நான் தலையாட்டினேன்.

ஏரிக்கரையில் அடுத்துப் பேசியது பம்பைக்காரர்தான். அவருக்கு வேலை நடக்க வேண்டும். "சரிம்மா, அத மாத்திப் பாடறேன். வேற எதுனா இருந்தா இப்பவே சொல்லிடு. நடுவுல நிறுத்தி நிறுத்திப் பாட முடியாது" என்றார். பன்னிரண்டு பேர் சேர்ந்து என்னிடம் கேட்கத் தயங்கியதை அவர் ஒரே மூச்சில் கேட்டுவிட்டார். "மல்லிப்பூ அவளுக்கு ஆவாதுங்க, தல வலிக்கும்னு பிச்சிப் போட்டுடுவா" என்றேன். கரகத்திலிருந்து மல்லிகையை உருவிவிட்டு, கனகாம்பரத்தை மட்டும் வைத்தார்கள். அவர் மறுபடி பாடினார். கேட்டதைக் கொடுக்காத வீடு என்று பாடினார், கதவுக்கு அந்தப் பக்கம் தங்கச்சி தின்ற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கிடந்தவள் என்று பாடினார். பாதிப் பாட்டிலேயே அத்தையின் தோள் குலுங்கியது. அக்கா வந்துவிட்டாள். முரளி காலில் விழுந்தான். "கட்டிக்கோ. நல்லா இரு" என்று அவன் நெற்றியில் குங்குமம் வைத்தாள். ஏரிக்கரை முழுக்கக் குலவைச் சத்தம்.

முரளி போனை அவள் முகத்துக்கு நேரே பிடித்து, "அக்கா, சின்னக்கா பேசுது" என்றான். மாதக்கணக்கில் நான் தயார் செய்து வைத்திருந்த கேள்வி வாயில் வரவில்லை. அவள் என்னைப் பார்த்தாள். உதடு அசைகிற மாதிரி இருந்தது. பிறகு முகத்தைத் தண்ணீர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். கற்பூரம் காட்டினார்கள், மலையேறிவிட்டாள். அது அக்காதானா, அல்லது அப்போதுதான் விஷயத்தைக் கேள்விப்பட்ட அத்தைக்கே என்மேல் வந்த ஆத்திரமா? தெரியாது. இந்தப் படிப்பு எனக்குக் கற்றுக்கொடுத்தது, தெரியாததைத் தெரியாது என்று எழுதுவதைத்தான். அவள் முகத்தைத் திருப்பியதைக் கண்ணால் பார்த்தேன். நீலக் கோடு போடுகிறேன். அதற்கு மேல் எனக்கு உரிமையில்லை.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. முரளி படம் அனுப்பினான். அம்மா என்னோடு பேசவில்லை. கூப்பிட்டால் நைனா எடுத்து, "உங்கம்மா மூஞ்சத் தூக்கிக்கினு கீறா, உடு" என்று சொல்லமாட்டாரா என்று ஏங்கினேன். அவரோ "வேலையா கீறா" என்பதோடு வைத்துவிடுவார். அவரோடும் அவள் பேசவில்லை என்று முரளி சொன்னான். நான் அந்தக் கடைசிப் பக்கத்தைத் திருத்தி எழுதி வகுப்புக்குக் கொண்டுபோனேன். இந்தமுறை கேரல் அந்தப் பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் படித்துக்கொண்டிருந்தாள். முடிந்து வெளியே வந்து கோட்டு மாட்டும்போது, "உன் அம்மாவுக்கு இது தெரியுமா?" என்றாள். "இப்போது தெரியும்." "அவர் உயிரோடுதானே இருக்கிறார்? அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போட்டாரா?" என்று கேட்டாள். நான் நடைபாதையிலேயே நின்றுவிட்டேன். செத்தவளிடம் கேட்க வேண்டும் என்று வருடக்கணக்காக நடுங்கிக்கொண்டிருந்தவளுக்கு, அம்மாவிடம் கேட்க வேண்டும் என்று ஒருமுறைகூடத் தோன்றவில்லை.

அதற்கு மூன்று நாள் கழித்து, காலையில் டாரதியின் பெஞ்சில் பாதிப் பனியைத் தள்ளிவிட்டு உட்கார்ந்திருந்தபோது போன் அடித்தது. அம்மா. அங்கே விளக்கு வைக்கும் நேரம்.

"துன்னியா?" என்றாள். எங்கள் வீட்டில் எல்லாப் பேச்சும் அதில்தான் ஆரம்பிக்கும்.

"துன்னேம்மா. நீ?"

அவள் பக்கம் தெருவில் டவுன் பஸ் திரும்பும் சத்தம் கேட்டது. "உன்ன ஒண்ணு கேக்கணும்" என்றாள். "அந்த மாங்கா புளிச்சிச்சா, இனிச்சிச்சா?"

வகுப்பில் பன்னிரண்டு பேரில் ஒருவருக்கும் இந்தக் கேள்வி தோன்றவில்லை. தீப்பிடித்த வீடுகளைப் பார்த்தே தலை நரைத்த கேரலுக்கும் தோன்றவில்லை. புளித்தது என்று சொல்லிவிடலாம். சொன்னால், அக்காவுக்குக் கிடைக்காதது எனக்கும் கிடைக்கவில்லை என்று அம்மா கொஞ்சம் மூச்சு விட்டுக்கொள்வாள். அவள் அதற்காகத்தான் கேட்டாளோ என்னவோ. எனக்கு அந்தக் கதவும், கன்னத்தில் வழிந்த சாறும், வாயில் அந்த ருசியும் அப்படியே இருந்தன.

"இனிச்சிச்சிம்மா" என்றேன்.

அம்மா அழுதாளா என்று தெரியவில்லை. "செங்காயி அப்பிடித்தான் இருக்கும்" என்றாள் கடைசியில். பிறகு, "அதயும் எழுது" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாள்.

என் கணக்கில் அம்மா கையெழுத்துப் போட்டுவிட்டாள். அக்கா இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் பக்கம் அவள் தண்ணீர்த்துறைக்குத்தான் வருவாள். இங்கே ஆறு இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் உறைந்து கிடக்கிறது, மேலே மனிதர்கள் நடந்து போகிறார்கள். உறைந்த தண்ணீரில் அவள் வருவாளா என்று பம்பைக்காரரிடம் கேட்டுவைக்க மறந்துவிட்டேன். பையிலிருந்து அந்தப் பக்கத்தின் தமிழ் வடிவத்தை எடுத்தேன். 'இனித்தது' என்ற ஒரு வார்த்தையைச் சேர்த்தேன். பிறகு பெஞ்சின் மறுபாதியிலும் இருந்த பனியைக் கையால் துடைத்துவிட்டு, ஆற்றைப் பார்த்து, முதல் வரியிலிருந்து சத்தமாகப் படிக்க ஆரம்பித்தேன்.